ஆற்றுக் குருட்டு நோயும் பிள்ளைகளின் வலிப்பும்

விரைந்தோடும் ஆறுகளில் முட்டையிட்டுப் பெருகும் கறுப்பு ஈக்கள் கடிக்கும்போது உடலுக்குள் புகும் ஆங்கோசெர்கா வால்வுலஸ் என்னும் இழைப்புழுவால் உண்டாவது ஆற்றுக் குருட்டு நோய். தோலுக்கடியில் முடிச்சுகளாகத் தங்கும் பெண் புழுக்கள் பத்தாண்டுக்கும் மேல் உயிர்வாழ்ந்து நுண்புழுக்களை ஈன்றுகொண்டே இருக்க, அவை தோலில் பரவிக் கடும் அரிப்பையும், கண்ணுக்குள் சென்று மடியும்போது அழற்சியையும் உண்டாக்கி, நாளடைவில் பார்வையைப் பறித்துவிடுகின்றன.

ஆனால் இப்புழுவின் கொடுமை கண்ணோடு நிற்பதில்லை. நோய் மிகுந்த ஆப்பிரிக்கச் சிற்றூர்களில், அதுவரை நலமாக வளர்ந்த பிள்ளைகள் 3 முதல் 18 வயதுக்குள் கால்-கை வலிப்புக்கு ஆளாகிறார்கள். 1960களில் தான்சானியாவின் மஹெங்கே பகுதியில் மருத்துவர் லூயிஸ் யிலெக்-ஆல் கண்டு விவரித்த, தலை திரும்பத் திரும்ப முன்னோக்கிக் கவிழும் நோயும் இதன் ஒரு வடிவமே என்று ஆய்வாளர் பலர் இன்று கருதுகின்றனர். கேமரூனின் ம்பாம் பள்ளத்தாக்கில் 1990களின் தொடக்கத்தில் பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளைச் சுமார் 25 ஆண்டுகளுக்குப் பின் தேடிச்சென்று ஆராய்ந்தபோது, சிறுவயதில் எவர் தோலில் நுண்புழுக்கள் மிகுந்திருந்தனவோ அவருக்கே பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பும் மிகுந்திருந்தது தெரியவந்தது. புழு மூளையைத் தாக்கும் வழி இன்னும் துலங்கவில்லை. எனினும் நோய்த்தொற்றைத் தடுத்தால் வலிப்பும் தடுக்கப்படும் என்பதற்கு வட உகாண்டா சான்றாக நிற்கிறது. அங்கே மருந்து ஆண்டுக்கு இருமுறை வழங்கப்பட்டு, ஆறுகளில் ஈக்களின் இளம்புழுக்களும் அழிக்கப்பட்ட பின்னர், புதிதாகத் தலை கவிழும் நோய்க்கு ஆளாகும் பிள்ளைகள் ஏறத்தாழ இல்லாமற்போயினர்.

அந்த மருந்து, மெர்க் நிறுவனம் 1987 முதல் இலவசமாக வழங்கிவரும் ஐவர்மெக்டின். அது நுண்புழுக்களைக் கொல்லுமேயன்றி முதிர்ந்த புழுக்களைக் கொல்லாது என்பதால், பல்லாண்டுகள் இடைவிடாமல் கொடுக்கப்பட வேண்டும். போர் மூண்ட தென்சூடானில் இது தடைபட்டது. அந்நாட்டின் மரிடி அணையில், வழிந்தோடும் நீரில் இளம்புழுக்கள் பற்றிக்கொள்ளும் செடிகொடிகளை ஊர்மக்களே வெட்டி அகற்ற, ஈக்கடி பெரிதும் குறைந்தது. செலவு மிகாத இம்முறை பாராட்டத்தக்கது.

கொலம்பியா 2013இலும், ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜர் 2025இலும் இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்துள்ளது. இந்நோய் இன்னும் நீடிக்கும் நாடுகளிலோ, வலிப்பு தொற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தால் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டும், வலிப்பின்போது அடுப்புத் தீயில் விழுந்து வெந்தும் பிள்ளைகள் துயருறுகின்றனர். பார்வையிழந்தோரை மட்டும் எண்ணி இந்நோயின் சுமையை அளப்பது தவறு. புழுவை ஒழிக்கும் திட்டம் ஒவ்வொன்றும், விலை குறைந்த வலிப்பு மருந்துகளை இப்பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.