பட்டறைக் கைகளும் கரப்பான் நகமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் குழாயடியில் நிற்கிறவர்களின் விரல்களைப் பாருங்கள். லேத்திலும் மில்லிங் மெஷினிலும் எட்டு மணி நேரம் நின்றவர்கள், பனியன் வேஸ்ட்டில் தின்னரை நனைத்து முதலில் கிரீஸைத் துடைப்பார்கள். அதற்கு மேல் சோப்புத்தூளைப் போட்டு ஒரு தேய்ப்பு. சிலருக்கு நகத்தின் அடிப்பக்கத் தோல் உப்பி, மினுமினுவென்று கறுத்திருக்கும். நகத்தின் மேல் குறுக்கே பள்ளம் பள்ளமாக அலை ஓடும். ஓரத்தில் மஞ்சள் படிந்திருக்கும். சில விரல்களில் பச்சைகூட. கேட்டால், “நகச்சுத்துங்க, ஆயில்ல நிக்கிறதால வர்றது” என்பார்கள். “பூஞ்சை பிடிச்சிருக்குன்னு மெடிக்கல்ல சொன்னாங்க” என்கிறவர்களும் உண்டு.

பல நேரங்களில் அது பூஞ்சை இல்லை. கரப்பான், டாக்டர்கள் எக்ஸிமா என்பது. நகம் என்பது கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற தகடு. அதற்குக் கரப்பான் வர வழியே கிடையாது. நோய் வருவது நகத்தைச் சூழ்ந்த தோலுக்கு. நகம் அதன் விளைவை மேலே காட்டுகிறது, அவ்வளவுதான்.

நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது நகவேர். புது நகம் அங்கேதான் உருவாகிறது. அந்த மடிப்பின் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய தோல் பட்டை இறங்கி நகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். க்யூட்டிக்கிள் என்பது இதைத்தான். லேத் வேலை தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: இது ஆயில் சீல். சீல் இருக்கும்வரை தண்ணீரும் அழுக்கும் உள்ளே இறங்காது. கரப்பானில் முதலில் போவது இந்தச் சீல். போன பிறகு சோப்பு, மெஷினில் ஓடும் கூலன்ட், மிளகாய்க் காரம், புளி எல்லாம் நகத்துக்கும் மடிப்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் தேங்குகின்றன. தோல் வீங்குகிறது, வீக்கம் பக்கத்திலேயே இருக்கும் நகவேரைத் தொடுகிறது, நகம் கோணலாக உற்பத்தியாகிறது.

அந்தக் கோணல் ஒரு நாட்காட்டியாகவும் பயன்படும். விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. தோல் மடிப்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பள்ளம் தெரிந்தால், நகவேர் அடிவாங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது என்று கணக்கு. இப்படிக் குறுக்கே ஓடும் பள்ளங்களை பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ 1846-இல் விவரித்தார். இன்றும் அவை அவர் பெயரில்தான் வழங்குகின்றன. பெருங்காய்ச்சல் வந்து போனால் எல்லா நகங்களிலும் ஒரே மட்டத்தில் ஒரு பள்ளம் விழும். கரப்பானில் அப்படி இல்லை. நோய் கிளம்பும்போதெல்லாம் ஒரு பள்ளமாக, பாதிக்கப்பட்ட விரல்களில் மட்டும், ஒழுங்கில்லாமல் விழும்.

எது இந்தச் சீலை உடைக்கிறது? தோலின் இயல்பான பி.எச். அளவு 5-ஐ ஒட்டியது, லேசான அமிலம். தண்ணீரில் கலந்து பால்போல ஓடும் கூலன்ட் 9-ஐ ஒட்டியது, காரம். அதில் பாக்டீரியா வளராமலிருக்கச் சேர்க்கும் ரசாயனங்களில் சில, ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. பர் எனும் பொடிப்பொடியான உலோகச் சீவல் தோலைக் கீறி வழியும் போட்டுக் கொடுக்கிறது. முலாம் பட்டறையில் நிக்கல், கட்டட வேலையில் சிமென்ட்டிலுள்ள குரோமியம், சலூனில் தலைச்சாயம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பரவலான காரணம் சாதாரணத் தண்ணீர்தான். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நாலைந்து வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கும், ஓட்டல்களில் தட்டு கழுவுகிறவர்களுக்கும் கை உலர நேரமே இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது. சோப்பு இன்னும் கூடுதலாகப் போகும்.

பூஞ்சையா, கரப்பானா என்பதில் மருத்துவ உலகமும் நீண்டகாலம் தடுமாறியது. நாள்பட்ட நகச்சுற்றில் சுரண்டிப் பார்த்தால் கேண்டிடா என்ற பூஞ்சை அடிக்கடி கிடைக்கும். எனவே அதுவே காரணம் என்று பூஞ்சை மாத்திரை கொடுத்தார்கள். இத்தாலியின் போலோனியாவைச் சேர்ந்த அன்டோனெல்லா தோஸ்தியின் குழு 2002-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்குப் பூஞ்சைக்கு எதிரான மாத்திரைகள், இன்னொரு பிரிவினருக்கு மேலே தடவும் ஸ்டீராய்டு. களிம்பு தடவியவர்களுக்கே நன்றாகக் குணம் தெரிந்தது. கேண்டிடா போவதும் நோய் போவதும் ஒன்றாகவும் நடக்கவில்லை. சீல் உடைந்த ஈரமான இடுக்கில் பின்னால் வந்து குடியேறியதுதான் அந்தப் பூஞ்சை. பச்சை நிறத்துக்குக் காரணமான சூடோமோனாஸ் பாக்டீரியாவும் அப்படியே.

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய் ஸ்டீராய்டு கேட்காதீர்கள். நம் ஊரில் ஏற்கெனவே அதுதான் நடக்கிறது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே டியூப்பில் அடைத்து விற்கிறார்கள். தடவியதும் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் திரும்பும், மறுபடி ஒரு டியூப். மாதக்கணக்கில் தடவினால் விரல்தோல் காகிதமாக மெலியும். உண்மையிலேயே படர்தாமரை இருந்தால் அது பரவும். பல ஸ்டீராய்டு களிம்புகளை 2018-இல் மத்திய அரசு மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் சீட்டில்லாமல் கிடைப்பது பெரிய கேடு.

வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவதும் வேண்டாம். வெடித்த தோலில் அமிலம் ஊறினால் எரிச்சல்தான் கூடும்.

தோல் மருத்துவர் முதலில் செய்வது பிரித்தறிவது. பூஞ்சை பெரும்பாலும் நகத்தின் நுனியிலிருந்து உள்ளே போகும், கால் நகத்தில் அதிகம். நகத்தைக் கொஞ்சம் வெட்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். சோரியாசிஸில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் இருக்கும். ஒரே ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டு போனாலோ, ஒரு விரல் புண் மாதக்கணக்கில் ஆறாவிட்டாலோ, தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். ஒவ்வாமைச் சந்தேகம் இருந்தால் முதுகில் பட்டை ஒட்டும் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்வார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது. அக்னி நட்சத்திரத்தில் சென்னை வியர்வையே பட்டையைப் பெயர்த்துவிடும். மார்கழி, தை வசதி.

கரப்பான் என்று உறுதியானால் சிகிச்சை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு, டாக்டர் சொன்ன சில வாரங்கள் மட்டும், நகத்தின் மேல் அல்லாமல் அடிமடிப்பில். நீண்டநாள் தேவைப்பட்டால் டாக்ரோலிமஸ் களிம்பு. ஒவ்வொரு முறை கை கழுவியதும் ஒற்றித் துடைத்து, விரலிடுக்கும் நகஓரமும் உலர்ந்த பின் வாஸ்லின். நகத்தை ஒட்டிய தோலை வெட்டாதீர்கள், பின்னால் தள்ளாதீர்கள், ஊசியால் நோண்டாதீர்கள். சில வாரங்களில் வீக்கம் வடியும். ஆனால் நகம் முழுதாகப் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். இரண்டாவது மாதத்தில் “இன்னும் சரியாகலையே” என்று பலர் மருந்தை விட்டுவிடுவது இந்தக் கணக்கு தெரியாமல்தான்.

பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு உள்ளே பருத்தி, மேலே ரப்பர் என இரண்டடுக்குக் கையுறை. லேத்காரருக்கு இதே அறிவுரையைச் சொல்வது ஆபத்து. சுழலும் மெஷினில் கையுறை சிக்கினால் கையே போகும். மெஷின் நின்ற பிறகு துடைக்கும்போது மட்டும் நைட்ரைல் கையுறை. மற்றபடி அங்கே மாற வேண்டியது பட்டறைதான். கூலன்ட்டைச் சரியான விகிதத்தில் கலக்க வேண்டும், நாறும்வரை விடாமல் மாற்ற வேண்டும், குழாயடியில் தின்னருக்குப் பதில் மென்மையான சோப்பு வைக்க வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சி, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது. தொழிலாளியின் சுத்தக்குறைவு என்று முதலாளிகள் இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

டாக்டரிடம் போகும்போது, நீங்கள் கையாளும் கூலன்ட் டின்னின் லேபிளையும் இதுவரை தடவிய டியூப்களையும் செல்போனில் படமெடுத்துக் கொண்டு போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.