மஞ்சள் வயரா, மூணு கலர் வயரா? பழைய வீடியோ இணைப்புகளில் எது நல்ல படம் தரும்?

போன மாதம் சித்தி ஒரு துணிப்பையில் மூணு வி.எச்.எஸ் கேசட் கொண்டுவந்து வைத்தார். 1994-ல் நடந்த அவருடைய கல்யாண வீடியோ. எங்கள் பாட்டி நடந்து, பேசி, சிரிக்கிற ஒரே பதிவு அதுதான். "இதை இன்னொரு தடவை கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா" என்றார்.

இன்னொரு தடவை என்றதற்குக் காரணம் உண்டு. 2008-ல் நான் இதை ஒருமுறை ஏற்றியிருக்கிறேன். டெக்கிலிருந்து வரும் ஆண்டெனா வயரைக் கம்ப்யூட்டரின் டிவி ட்யூனரில் சொருகினேன், படம் வந்தது, போதும்னு விட்டுவிட்டேன். பாட்டி முகம் முழுக்க மணல் தூவினது மாதிரி இருக்கும். டெக்கின் பின்பக்கம் மஞ்சள் சாக்கெட் ஒன்று சும்மாவே இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

பழைய நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேயும். அதனால் இந்தத் தடவை ஓடவிடுவதற்கு முன்னால், எந்த வயர் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

கலப்பது சுலபம், பிரிப்பது கஷ்டம்

டிவிக்குப் போகும் கலர் படத்தில் மூன்று தகவல்கள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சம்: எந்த இடம் எவ்வளவு பிரகாசம் என்பது. மற்ற இரண்டும் கலர் பற்றியவை. கறுப்பு வெள்ளை டிவிக்கு முதலாவது மட்டும் போதும்.

அமெரிக்கா 1953-ல் கலர் ஒளிபரப்பு முறையை முடிவு செய்தபோது ஒரு நிபந்தனை இருந்தது. வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் கறுப்பு வெள்ளை டிவிகளிலும் படம் தெரிய வேண்டும். தனியாகக் கலருக்கு இடம் கிடையாது. அதனால் வெளிச்சத் தகவல் போகும் அதே பாதையில், அதன் மேல் பகுதியில், கலரையும் ஏற்றினார்கள். ஜெர்மனியில் 1967-ல் வந்த பால் முறையிலும் இதே ஏற்பாடுதான். 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது நாம் எடுத்துக்கொண்டதும் பால்தான். அதில் வெளிச்சம் 5 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். கலர் 4.43 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். அதாவது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

அரிசியையும் உளுந்தையும் கொட்டிக் கலக்க ஒரு நிமிஷம் போதும். திரும்பப் பொறுக்க அரை நாள் ஆகும். டிவிக்கும் அதே பாடுதான். பொடிக்கட்டம் போட்ட சட்டையின் நுணுக்கமான கோடுகளும் அந்த 4.43 பக்கத்தில்தான் வரும். அதைக் கலர் என்று நினைத்து டிவி ஏமாறும்போது, சட்டையில் வானவில் நெளியும். கலரை வெளிச்சம் என்று நினைத்தால், கலர் ஓரங்களில் பொடிப் புள்ளிகள் ஊரும். இதைத் தவிர்க்க, விலை குறைந்த டிவிகள் அந்தப் பகுதியையே வெட்டிவிடும். அதோடு படத்தின் நுணுக்கமும் போய்விடும்.

வயர்களின் வரிசை

இது புரிந்தால் மிச்சம் சுலபம். எந்த அளவுக்குக் கலக்காமல் அனுப்புகிறோமோ, அந்த அளவுக்குப் படம் நன்றாக இருக்கும்.

1. ஆண்டெனா வயர்: வெளிச்சம், கலர், சத்தம் எல்லாவற்றையும் கலந்து, ஒரு சேனல் அலைவரிசையில் ஏற்றி அனுப்பும். டிவி அதை மறுபடி இறக்க வேண்டும். ஏற்றி இறக்குவதில் இரைச்சல் சேர்கிறது. என் மணல் வந்தது இப்படித்தான்.

2. காம்போசிட், அதாவது மஞ்சள் வயர்: சத்தம் தனியாகச் சிவப்பு, வெள்ளை வயர்களில் போகும். சேனலில் ஏற்றும் வேலை இல்லை. ஆனால் வெளிச்சமும் கலரும் இன்னும் கலந்தே இருக்கும்.

3. எஸ்-வீடியோ, நாலு பின் உள்ள வட்ட ப்ளக்: வெளிச்சத்துக்கு ஒரு வழி, கலருக்கு ஒரு வழி. வானவில்லும் ஊரும் புள்ளிகளும் இதில் வராது. கலர்த் தகவல் இரண்டும் மட்டும் ஒன்றாகப் போகும்.

4. காம்பொனன்ட், பச்சை, நீலம், சிவப்பு வயர்கள்: மூன்று தகவலுக்கும் மூன்று வயர். எச்.டி படமே இதில் போகும். சத்தத்துக்கும் ஒரு சிவப்பு வயர் இருப்பதால் மாற்றிச் சொருகிவிடாதீர்கள்.

ஐரோப்பாவின் 21 பின் ஸ்கார்ட்டிலும் கம்ப்யூட்டர் மானிட்டரின் 15 பின் வி.ஜி.ஏ-விலும் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகவே போக முடியும். அவற்றைக் காம்பொனன்ட் பக்கத்திலேயே வைக்கலாம்.

ஒரு சின்னச் சோதனை. காம்பொனன்ட் உள்ள டிவிடி ப்ளேயர் வீட்டில் இருந்தால், செட்டிங்கில் ப்ரோக்ரஸிவ் ஸ்கேனை அணைத்துவிட்டு, பச்சை வயரை மட்டும் டிவியின் மஞ்சள் சாக்கெட்டில் சொருகிப் பாருங்கள். தெளிவான கறுப்பு வெள்ளைப் படம் வரும். பச்சை வயரில் போவது பச்சைக் கலர் இல்லை, வெளிச்சம். பழைய டிவிகள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அப்படின்னா எப்பவும் காம்பொனன்ட் தானா?

இல்லை. வயர், இருப்பதைக் காப்பாற்றும். இல்லாததைக் கொண்டுவராது.

டிவிடியில் ஒரு வரிக்கு 720 புள்ளிகள், 576 வரிகள். வெளிச்சமும் கலரும் தட்டிலேயே பிரிந்துதான் இருக்கின்றன. அதை மஞ்சள் வயரில் அனுப்புவது, பிரித்து வைத்ததைக் கலந்து மறுபடி பிரிக்கச் சொல்வது மாதிரி. அங்கே காம்பொனன்ட் நன்றாகவே வித்தியாசம் காட்டும்.

வி.எச்.எஸ் கதை வேறு. அதில் வெளிச்சம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கலர் இருப்பதோ 4.43-ல். அதனால் மஞ்சள் வயருக்குள் இரண்டும் பெரிதாக மோதிக்கொள்வதே இல்லை. 1987-ல் வந்த எஸ்-வி.எச்.எஸ்ஸில் வெளிச்சம் 5 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. மோதல் வந்தது, கூடவே எஸ்-வீடியோ சாக்கெட்டும் வந்தது. சாதாரணக் கல்யாணக் கேசட்டுக்கு எஸ்-வீடியோ இருந்தால் கொஞ்சம் நல்லது. இல்லையென்று காத்திருக்கத் தேவையில்லை. மஞ்சளை எஸ்-வீடியோவாக மாற்றும் சின்ன அடாப்டருக்கும் காசு கொடுக்காதீர்கள். கலந்தது கலந்ததுதான்.

தங்க முலாம் வயரும் அப்படித்தான். ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒழுங்கான 75 ஓம் வீடியோ வயர் போதும்.

கடைசியில் என்ன ஆச்சு

டெக்கின் தலையைச் சுத்தம் செய்து, மஞ்சள் வயரில் ஏற்றினேன். முதல் இரண்டு கேசட்டிலும் மணல் இல்லை. "அம்மா மூக்குத்தி தெரியுதுடா" என்று சித்தி நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

மூன்றாவது கேசட்டில் நாடா ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டெக்கும் கெடும், நாடாவும் அறுந்து போகலாம் என்பதால் ஓட்டவில்லை. சுத்தம் செய்யத் தெரிந்தவர் யாராவது கிடைக்கிற வரைக்கும், பாட்டி பந்தியில் பரிமாறுகிற அந்தப் பகுதிக்கு என்னுடைய 2008 மணல் படம் மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்கு டெக்கைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால், உயர்ந்த வயருக்காகக் காத்திருக்காதீர்கள். டெக்கின் பின்பக்கம் பாருங்கள். எஸ்-வீடியோ இருந்தால் அது, இல்லையென்றால் மஞ்சள். ஆண்டெனா வயர் மட்டும் வேண்டாம்.