தப்பின் அடிக்கு ஓர் எழுத்து

வாலிபர்களுக்கென ஒரு புதிய சங்கீதப் பத்திரிகை தொடங்குவதானால் அது எவ்வாறு அமைய வேண்டும் என்று எழுதும்படி பணித்த ஆசிரியர், வழவழப்பான அட்டையையும், திரைப்பாடகர் பேட்டிகளையும், சென்னையில் அடுத்து வெளிவரப்போகும் பாடல்களின் முன்னறிவிப்பையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பணித்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. ஆனால் எந்தப் பத்திரிகையும் ஏதேனும் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டாக வேண்டும். இலங்கையின் இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை நோக்கிச் செல்லும் பெருந்தெருவைவிட்டு எம்பிலிப்பிட்டிய வீதி பிரிகின்ற பெல்மதுளைச் சந்தியிலிருந்து அது புறப்படுமானால், அட்டையில் யார் முகம் என்று கேட்பதற்கு முன்பாக, நடுப்பக்கத்தில் எந்த ஓசை என்று கேட்டாக வேண்டும். தப்பு என்னும் பறையின் ஓசை என்பதே என் அபிப்பிராயம்.

இந்தப் பிரதேசத்துக்கு ஓசைப் பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை. டிசம்பர் மாதப் போயாப் பௌர்ணமியை ஒட்டிச் சமன் தெய்வத்தின் திருவுருவம் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையிலிருந்து சிவனொளிபாத மலைக்கு முழவோசையோடு எழுந்தருள்கின்றது. சப்பிரகமுவ நடன மரபுக்கே உரிய தவுல் என்னும் வாத்தியத்துக்குப் பரம்பரையும் உண்டு, கற்பிக்கும் குருமாரும் உண்டு, பரீட்சையும் உண்டு. அதே மலைச்சரிவில், இறப்பர் மரங்களுக்கும் தேயிலைக்கும் நடுவே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் மாட்டப்பட்டுத் தொங்கும் தப்புக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் தப்போடு பாட்டும் உண்டு; அதுவும் ஒரே வகையன்று. கொழுந்து பறிப்போர் நிரை பிடித்துக் கூட்டமாக நிற்பவர்கள்; ஒருத்தி எடுத்த பாட்டடியை அடுத்த நிரையில் நிற்பவள் வாங்கிக்கொள்ளலாம். இறப்பர்ப் பால் வெட்டுபவரோ, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதனால், இருள் பிரியும் முன்னரே தமக்குரிய மரங்களிடையே தனித்து நடப்பவர். இவ்விரு தொழிலிலும் பிறக்கும் பாட்டு ஒரே ஜாதியாக இருக்க நியாயமில்லை. இந்த வேற்றுமையை ஆராய்வதற்கே ஓர் இதழை ஒதுக்கலாம். இங்கே அதைக் குறிப்பாகச் சொல்லி அப்பாற் செல்கிறேன்.

சங்கீதத்தை அச்சில் ஏற்றுவது புதிய பைத்தியமன்று. சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்துவந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் தமிழர், 1892-ல் தொடங்கி, கர்நாடக சங்கீத உருப்படிகளை ஐரோப்பிய ஸ்வரக் குறியீட்டில் பகுதி பகுதியாகப் பிரசுரம் செய்தார். கைப்பொருளைக் கரைத்து, கண்ணொளியையும் இழக்கும் அளவுக்கு அந்தக் காரியத்தில் அவர் மூழ்கினார். அவருடைய தூண்டுதலால் உந்தப்பெற்ற சுப்பராம தீக்ஷிதர் எட்டயபுரத்திலிருந்து 1904-ல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில், ஸ்வரம் எங்கே அசைகிறது, எங்கே வழுக்குகிறது என்று காட்டும் கமகக் குறிகள் தனித்தனியே அமைந்தன. குரலின் நுட்பத்துக்கு ஓர் அடையாளம் கிடைத்ததனால், தீக்ஷிதர் பரம்பரையைக் கண்ணாலும் கண்டிராதவன்கூட நூறு ஆண்டு கழித்து அதனைப் படித்துப் பாட முயல்கிறான். தோட்டத்துத் தப்புக்கு இத்தகைய அடையாளத்தை இதுவரை எவர் அமைத்தார்?

மலையகப் பாட்டுகளின் சொற்கள் ஓரளவு தப்பின என்பது உண்மை. தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மாள் பாடிய பாட்டுகள் சிறு பிரசுரமாக அச்சேறின; எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை பல ஆண்டுகள் செவிமடுத்துத் திரட்டியவை 1983-ல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாயின. ஆயினும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அச்செழுத்தில் படிக்கும் இளைஞனுக்கு, அவை எந்த நடையில், எந்த இழுப்பில் சென்றன என்று சொல்லப் பாட்டி இல்லாவிட்டால் வேறு வழியில்லை. தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964-ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின்னர் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிய குடும்பங்களோடு எத்தனை பாட்டிகள் போனார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், நம்மிடம் எஞ்சியிருப்பது பாட்டுகளின் எலும்புக்கூடு மட்டுமே என்ற அச்சம் உண்டாகிறது.

தப்பின் கதி இதனினும் பரிதாபமானது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டு என்னும் பெயர்க்கணக்குக்கு எழுப்பியது ஓர் அடி. சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி. கல்யாணத்துக்கு ஓர் அடி. மாசி மாதத்து வளர்பிறையில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய பிறகு ரதி மன்மதன் ஆட்டத்துக்கு ஓர் அடி. சாவு வீட்டுக்கு ஓர் அடி. பிரட்டுக்கு மணியும் சங்கும் வந்தன; கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வந்தது; சாவு வீடு மட்டும் தப்புக்கென்று எஞ்சியது. ஆகவே தப்பு என்றாலே சாவு, தப்படிப்பவர் என்றாலே தாழ்ந்தவர் என்னும் இழிந்த எண்ணம் இறுகிவிட்டது. கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்து தீபாவளிக்கு ஊர் திரும்பும் வாலிபன், பாட்டன் கையிலிருந்த தப்பை வாங்கக் கூசுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாதியின் முத்திரையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிய யார்தான் விரும்புவார்? ஆனால் அதே வாலிபன் கைபேசியில் அமெரிக்க ராப் பாட்டின் தாளக்கட்டை நூறு முறை கேட்டு மேசைமேல் தட்டிப் பழகுகிறான் என்பதையும் காணாதிருக்க முடியவில்லை.

எனவே பத்திரிகையின் நடுப்பக்கங்கள் இரண்டையும் இணைத்து, இதழுக்கு ஓர் அடியாக, சதுரக் கட்டங்களில் வரைந்து காட்ட வேண்டும். தப்பை இரண்டு குச்சிகளால் அடிக்கிறார்கள். ஒன்று குட்டையாகத் தடித்தது, மற்றது நீண்டு மெலிந்தது. தடித்த குச்சியின் அடிக்கு நிறைந்த வட்டம், மெலிந்ததன் அடிக்குச் சாய்ந்த கோடு, ஓய்வுக்கு வெறுங்கட்டம் என்று வைத்துக்கொண்டால், சங்கீத ஞானம் சிறிதும் இல்லாதவனும் மேசைமேல் இரு கைவிரல்களால் தட்டிப் பார்க்கலாம். கட்டங்களின் கீழே, அடிப்பவர் தம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வாயால் சொல்லும் சொற்கட்டை, மிருதங்கச் சொற்களாகத் திருத்தாமல் அவர் சொன்னபடியே அச்சிட வேண்டும். பக்க ஓரத்தில் கைபேசியைக் காட்டினால் அந்த அடி ஒலிக்கும்படி ஒரு கட்டக் குறியும் இருக்கலாம். மழை ஓயாத இரத்தினபுரி மாவட்டத்தில் தோல் தளர்ந்துபோகும் தப்பை எவ்வளவு நேரம் நெருப்பில் காய்ச்ச வேண்டும், எந்த ஓசை வந்ததும் நிறுத்த வேண்டும் என்பதையும் படத்தோடு எழுத வேண்டும். எந்த நட்சத்திரத்தின் பேட்டியிலும் இத்தனை சங்கீதம் இராது.

மற்றப் பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதினாறு பக்கப் பாரம் இரண்டு, ஆக 32 பக்கம், நடுவில் பின் அடித்தது, காலாண்டுக்கு ஒருமுறை; அதற்குமேல் ஆசைப்பட்டால் மூன்றாவது இதழிலேயே மூச்சு நின்றுவிடும். புதிதாகப் பாட்டுக் கட்டும் பிள்ளைகளுக்கு நான்கு பக்கம். அயலூர்ச் சிங்கள வாலிபர் தவுல் பற்றி எழுதினால் மொழிபெயர்த்து இரண்டு பக்கம். கைபேசிக்கு மின்னேற்றும் கடையிலும் தேநீர்க் கடையிலும் விற்கத்தக்க விலை. சினிமா இல்லாத பத்திரிகையை வாலிபர் தொடமாட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. அவர்களுடைய மனச்சாந்திக்காகக் கடைசி அட்டையைச் சினிமாவுக்கே கொடுத்துவிடலாம்.

முதல் இதழ் மாசிக்கு முன் வெளிவர வேண்டும். காமன் கூத்துக்கு ஆட்கள் கூடும்போதுதான் அடியைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் ஓரிடத்தில் இருப்பார்கள். அச்சகம் தரும் புரூப்பை, எழுத்து வாசிக்கத் தெரியாத முதிய தப்படிகாரர் முன்னே வைத்து, பேரனைக் கட்டம் பார்த்து அடிக்கச் சொல்லி, அவர் தலையசைத்த பின்னரே அச்சுக்கு அனுப்ப வேண்டும். அவர் ‘இல்லை’ என்றால் கட்டத்தைத்தான் திருத்த வேண்டும். அந்தப் பக்கத்தின் ஆசிரியராக அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் அச்சாக வேண்டும். கட்டுரை எழுதுபவனுக்கு என்ன சன்மானமோ அதே தொகை, அதே நாளில், அவர் கையில் சேர வேண்டும்.