வேகம் தராத விசிறி

பிளாஸ்டிக் குழாய், உள்ளே சின்ன மின்விசிறி, இரண்டு ஒயர்கள். ‘எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்’ என்று விற்கப்படும் இதை ஏர் ஃபில்டர் குழாயில் மாட்டினால் கார் சீறிப் பாயும் என்று ஆசை காட்டுகிறார்கள். கணக்கு ஒத்துவரவில்லை.

தத்துவத்தில் தவறில்லை. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால் கூடுதல் எரிபொருள் எரியும், சக்தி பெருகும். சிக்கல் மின்சாரத்தில். நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் 1.2 லிட்டர் எஞ்சின் 3,600 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதை உருப்படியாக அழுத்த 3 கிலோவாட்டாவது வேண்டும். 12 வோல்ட் பாட்டரி என்றால் 250 ஆம்பியர். சின்ன விசிறியால் ஆகிற காரியமல்ல. வேகம் கூடும்போது அதுவே காற்றுக்குத் தடையாகும். பிளேடு உடைந்தால் துண்டுகள் எஞ்சினை நோக்கிப் போகும்.

அசல் சாதனம் இல்லாமல் இல்லை. 2016இல் ஆடி நிறுவனம் தனது எஸ்க்யூ7 டீசல் காரில் 7 கிலோவாட் மின் கம்ப்ரஸரைப் பொருத்தியது. அதற்காக 48 வோல்ட் மின் அமைப்பையே தனியாகச் சேர்க்க நேர்ந்தது. அதுவும் டர்போக்கள் வேகம் பிடிக்கும்வரை கைகொடுக்க மட்டுமே.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை விதிக்கிறது.

இழுவை குறைந்த காருக்கு முதல் வைத்தியம் மலிவானது: அழுக்கடைந்த ஏர் ஃபில்டரை மாற்றுவது.