கைமாறும் வாகனத்தின் விலை: எவை கூட்டுகின்றன, எவை குறைக்கின்றன?

இடம்பெயரும் குடும்பமொன்று வயலைத் தூக்கிச் செல்ல முடியாது. கிணற்றையும் தென்னைகளையும் கொண்டுபோக முடியாது. ஓடக்கூடிய நிலையில் ஓர் உழவு இயந்திரமோ லாண்ட்மாஸ்டரோ மோட்டார் சைக்கிளோ இருந்தால் அது கூடவே வரும். ஆகவே எமது விவசாயக் குடும்பங்களுக்கு வாகனம் என்பது தொழிற்கருவி மட்டுமன்று, கையிலுள்ள சேமிப்பும் அதுவே. பிள்ளையின் சத்திரசிகிச்சைக்காக முதலில் விற்கப்படுவதும் அது. மீளக்குடியேறிய பின் உதவிப்பணத்தையோ கடனையோ கொண்டு முதலில் வாங்கப்படுவதும் அது. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் எம்மவர் நட்டப்படுவதைக் கிராமங்களில் தொடர்ந்து கண்டுவருகின்றோம். விற்கும்போது குறைந்த விலைக்கும் வாங்கும்போது கூடிய விலைக்குமாக மாட்டிக்கொள்கின்றார்கள். பாவித்த வாகனத்தின் விலை எவ்வாறு உருவாகின்றது என்பதை விளங்கிக்கொண்டால் இந்நட்டத்தின் ஒரு பகுதியையாவது தவிர்க்கலாம் என்பதால் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

புதியதன் விலையைப் பார்த்தே பழையதன் விலை

வாகனங்களை உற்பத்தி செய்யும் நாடுகளில் புதிய கார் ஒன்றை வாங்கி வீதிக்கு இறக்கிய நாளிலிருந்தே அதன் விலை இறங்கத் தொடங்கும். எமது நாட்டில் அப்படியன்று. இங்கு வாகனம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். டொலரில் பணம் கட்டவேண்டும். அதன்மேல் சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, பெறுமதி சேர் வரி என்று பல வரிகள் ஏறுகின்றன. பெறுமதி சேர் வரி மாத்திரம் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. புதிய வாகனம் எட்டாத உயரத்துக்குப் போகும்போது சனம் பழையதைத் தேடுகின்றது. பழையதன் விலையும் அதன் பின்னாலேயே ஏறுகின்றது.

கடந்த சில ஆண்டுகளில் இதனை நாம் கண்ணாரக் கண்டோம். 2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. ஐந்தாறு வருடம் ஓடிய வாகனத்தை அதன் சொந்தக்காரர் தாம் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்ற விசித்திரம் அப்போதுதான் நடந்தது. வாகனம் நல்லதாகிவிட்டது என்று எவரும் எண்ணக்கூடாது. ரூபாய் மெலிந்தது, புதியது வரவில்லை, அவ்வளவே. 2025 பெப்ரவரியில் தனியார் பாவனைக்கான வாகனங்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது பழைய வாகனங்களின் விலை விழுந்துவிடும் என்று பலர் காத்திருந்தார்கள். வரியும் டொலரின் விலையும் உயர்ந்தே நின்றமையால் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை.

வட்டியும் விலையைத் தொடுகின்றது. வாகனம் வாங்குவோரிற் பலர் லீசிங் முறையிலேயே வாங்குகின்றார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாறான காலத்தில் தவணைப்பணம் கட்டக்கூடியவர்கள் குறைகின்றார்கள்; கையில் காசு வைத்திருப்பவர் சொல்வதே விலையாகின்றது.

எரிபொருள்

1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணிற் காணக் கிடைக்காத பொருள். கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் அந்த மண்ணெண்ணெயிலும் இருமிக்கொண்டாவது ஓடின. அவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு. ஆகவே தரங்குறைந்த எண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. புதுமாதிரியான கார்கள் அப்படி ஏற்கவில்லை. வேறிடங்களில் பழைய இரும்புக்குப் போகவேண்டிய கார் எம்மூரில் மணமக்களை ஏற்றிச் சென்றது. அந்த மண்ணெண்ணெய்ப் புகையின் மணம் எமது சிறுபராயத்தின் மணம் என்றே சொல்லலாம்.

அந்த நியாயம் இன்றும் மாறவில்லை. எந்த எரிபொருள் எமது ஊரில், கட்டக்கூடிய விலையில் கிடைக்கின்றதோ அதில் ஓடும் வாகனத்துக்குத்தான் கேள்வி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது மண்ணெண்ணெயில் இயங்கும் நீர்ப்பம்பிகளை வைத்திருந்த தோட்டக்காரர் பட்ட பாட்டை அறிவோம்.

புத்தகம் இல்லாத வாகனம்

விலையை எல்லாவற்றிலும் கூடுதலாக விழுத்துவது இதுவே. எஞ்சின் பழுதைத் திருத்தலாம். பத்திரப் பழுதைத் திருத்த மாதங்கள், சிலவேளை வருடங்கள் செல்லும்.

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வாகனத்தில் பொறிக்கப்பட்டவையோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். செசி இலக்கத்தின்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இலக்கம் அப்படியே பதியும். அதனைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அரமிட்ட அடையாளமோ புதிய பூச்சோ இருந்தால் அவ்வாகனத்தை விட்டுவிடுவதே நல்லது. எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அம்மாற்றம் பதியப்பட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்குமானால் கடன் முடிந்ததற்கான கடிதமும், கம்பனி தன் உரிமையை விடுவித்த பத்திரமும் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். உழவு இயந்திரத்துக்கும் அதன் பெட்டிக்கும் வெவ்வேறு பதிவு என்பதையும் மறந்துவிடக்கூடாது. இயந்திரத்துக்குப் புத்தகம் இருக்கும், பெட்டிக்கு இராது. விலையோ இரண்டுக்குமாகக் கேட்கப்படும்.

'திறந்த கடதாசி' என்று எம்மவர் சொல்லும் பழக்கம் ஒன்றுண்டு. பதிவுச் சொந்தக்காரர் ஒப்பமிட்ட மாற்றப் படிவங்களை நிரப்பாமலே வைத்துக்கொண்டு வாகனத்தை நாலு கை மாற்றுவார்கள். மாற்றச் செலவு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நாலாவது கைக்கு வரும்போது முதலாமவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், ஒப்பம் பொருந்தாதிருக்கலாம். விற்றவருக்கும் ஆபத்துத்தான்: உங்கள் பெயரில் உள்ள லாண்ட்மாஸ்டர் களவு மணல் ஏற்றிப் பிடிபட்டால் பொலிசார் முதலில் உங்கள் வீட்டு வாசலுக்கே வருவார்கள். வாகனம் கைமாறியதை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அதனை விற்பவரும் செய்யவேண்டும், வாங்குபவரும் செய்யவேண்டும்.

பத்திரம் சீராக இருப்பதன் பெறுமதியைப் பலர் 2022இல்தான் உணர்ந்தார்கள். அவ்வருடம் ஜூலையில் கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது வாகன இலக்கமும் செசி இலக்கமும் பதிவோடு பொருந்தினாற்றான் எண்ணெய் கிடைத்தது. திறந்த கடதாசியில் ஓடிய வாகனங்கள் பல முற்றத்தில் நின்றன.

இடம்பெயர்வின்போது புத்தகம் தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியோடு திணைக்களத்தில் மறுபிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இதைச் செய்யாமல், "புத்தகம் இல்லை, பாதி விலை" என்று தரகர் சொல்வதை ஏற்றுக்கொள்கின்ற குடும்பங்கள் எத்தனையோ! மறுபிரதிக்கு ஆகும் அலைச்சலும் செலவும் இழக்கும் பாதி விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியவை.

வாகனம் கணவரின் பெயரில் இருக்க, அவர் இறந்தோ காணாமலாக்கப்பட்டோ இருந்தால் நிலைமை இன்னும் கடினம். எமது சகோதரிகள் பலர் இந்த இடத்திற்றான் ஏமாற்றப்படுகின்றார்கள். மரணச் சான்றிதழ் இருந்தால் பின்னுரித்து முறையில் வாகனத்தை மனைவி பெயருக்கு மாற்ற வழியுண்டு. காணாமற்போனவர்களைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 'காணக்கிடைக்காமை' பற்றிய சான்றிதழ் பெறலாம். கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே அவரது சொத்துக்களைக் கவனிக்க அது உதவுகின்றது. ஆயினும் அதைக் கொண்டு வாகனத்தை விற்கலாமா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் பார்த்துத் தீர்க்கவேண்டிய விடயம். கையெழுத்து வைக்குமுன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விசாரியுங்கள். வறிய குடும்பங்களுக்கு அங்கே கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

இலக்கத் தகடும் இயந்திரமும்

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது இலக்கத்தை. 'ஸ்ரீ' இலக்கம் என்றால் மிகப் பழையது. இலக்கங்களுக்கிடையே சிறுகோடு மட்டும் உள்ளது அதன் பின்னையது. ஆங்கில எழுத்துத் தொடர் 2000ஆம் ஆண்டிலிருந்து வந்தது. மாகாணத்தைக் குறிக்கும் எழுத்துக்கள் 2023 ஜனவரியிலிருந்து புதிய தகடுகளில் இல்லை. ஆனால் இலக்கம் சொல்வது இலங்கையில் பதிந்த காலத்தையே. ஜப்பானில் சில வருடம் ஓடி வந்த வாகனத்தின் உண்மை வயதைப் புத்தகத்திலுள்ள உற்பத்தி ஆண்டே சொல்லும்.

எனினும் உழவு இயந்திரத்தில் வயது அவ்வளவு பெரிய விடயமன்று. மசி பேர்குசன் 135 என்ற இயந்திரம் 1964இல் வெளிவந்தது. இன்றும் எமது வயல்களில் உழுகின்றது. காரணம் உதிரிப்பாகம். சென்னையிலுள்ள டாபே நிறுவனம் 1960களிலிருந்து மசி பேர்குசன் இயந்திரங்களைச் செய்துவருவதால் பாகங்கள் கிட்டத்திலேயே கிடைக்கின்றன. கிராமத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். யாருக்கும் தெரியாத பெயருடைய இயந்திரம் மலிவாகக் கிடைப்பதற்கும் இதுவே காரணம். ஒரு பாகம் உடைந்தால் பெரும்போகம் முழுவதும் அது கொட்டிலில் நிற்கும்.

பார்க்கப் போகும்போது காலையில், சொல்லாமற் போங்கள். எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் கிளப்பிவைத்திருக்கின்றார்கள், குளிரில் கிளம்பாத எஞ்சினாக இருக்கலாம். நீல நிறப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் ஒயில் எரிகின்றது, பெருஞ்செலவு. கரும்புகை பெரும்பாலும் வடிகட்டியிலோ டீசல் விசிறும் பாகத்திலோ உள்ள குறை. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், அதற்காக விட்டுவிடவேண்டியதில்லை. ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது. சேற்று உழவில் ஓடியவற்றின் கியர்ப்பெட்டியிலும் இதைப் பார்க்கவேண்டும். உழவு இயந்திரமாயின் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினை அணையுங்கள். கலப்பை சற்று நேரத்தில் தானே இறங்கினால் தூக்கும் பகுதி தேய்ந்திருக்கின்றது. மணல் ஏற்றிய இயந்திரத்தை அதன் அச்சும் பெட்டியின் வளைவும் காட்டிக்கொடுக்கும். கடற்கரையூரில் மீன் ஏற்றியதை அடிப்பக்கத்து உப்புத்துரு காட்டிக்கொடுக்கும். புதுப் பெயின்றில் மட்டும் மயங்கவேண்டாம்; பெயின்ற் மலிவான பொருள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் வாகனங்கள் மூழ்கின. அவ்வாறானவை கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டங்களில் விலைக்கு வரக்கூடும். இருக்கைக்குக் கீழும் விளக்குக் கண்ணாடிக்குள்ளும் சேற்றுப்படை உள்ளதா, வயர்களின் பொருத்துகளில் பச்சைக்களிம்பு உள்ளதா என்று பாருங்கள். கார் வாங்குவோர், அதுவும் ஹைபிரிட் கார் வாங்குவோர், பற்றரியைச் சோதிப்பிக்காமல் வாங்கவே கூடாது.

காலமும் அவசரமும்

ஆவணி, புரட்டாதியில் பெரும்போக உழவுக்காக எல்லோரும் இயந்திரம் தேடுவார்கள், விலை ஏறும். அறுவடை முடிந்து நெல்லை விற்றபின் வாங்குவோரின் கையில் காசு இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு அது நல்ல காலம். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உழவு இயந்திரம் விற்பவர் தேவைக்காக விற்கின்றார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே குறைத்தே கேட்பார்கள். இயன்றால் வாங்குவதை அந்த மாதங்களிலும் விற்பதைப் போகத்துக்கு முன்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரின் அவசரத்தைத் தரகர் முகத்திலேயே படித்துவிடுவார். விலைபேசும்போது பொருளைக் குறைசொல்லிவிட்டு அப்பால் போய்ப் பெருமையடிக்கும் வாங்குவோரைப் பற்றி நீதிமொழிகள் நூலே பேசுகின்றதென்றால் இது இன்று நேற்று வந்த வியாபாரமன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் லாண்ட்மாஸ்டருக்கு 3 இலட்சம் எதிர்பார்க்கின்றீர்கள் என்று வையுங்கள். ரயர் இரண்டும் தேய்ந்ததற்கு 60,000, கிளச் இழுப்பதற்கு 40,000 என்று தரகர் கழித்து 2 இலட்சம் சொல்வார். உண்மையில் அவ்வேலைக்கு என்ன செலவு என்று முன்கூட்டியே கராஜில் விசாரித்து, அதை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தால் அவர் சொல்லும் கழிவு அப்படியே நிற்காது. சிறு குறைகளை நீங்களே திருத்திவிட்டு விற்பது பெரும்பாலும் இலாபம். பெரிய எஞ்சின் வேலையைச் செய்துவிட்டு விற்பது பெரும்பாலும் நட்டம்; செலவழித்த அளவுக்கு விலை கூடாது. குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். அவர்களில் ஒருவர் தரகரல்லாத, தானே உழப்போகும் விவசாயியாக இருந்தால் நல்லது.

விற்கும் நாளில் இரு சாட்சிகளை வைத்து, திகதியோடு நேரத்தையும் எழுதி, இருவரும் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டில் வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியை இணைத்து ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் ஏன் என்று சிலர் கேட்கின்றார்கள். காலை பத்து மணிக்கு விற்ற மோட்டார் சைக்கிள் அன்று பிற்பகலே விபத்தில் மாட்டினால், அப்போது அது யாருடைய கையில் இருந்தது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.