இணையத்தளம் இடம் பெயரும்போது

நூல்நிலையம் ஒன்றினைப் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்திற்கு மாற்றுவதை ஆசிரியர்களுள் பலர் கண்டிருப்பர். நூல்களை மூட்டை கட்டுவதும், வண்டியில் ஏற்றுவதும், அலமாரிகளில் மீண்டும் அடுக்குவதும் உடலுழைப்பைச் சேர்ந்தவை. அவை எப்படியும் முடிந்துவிடும். தொல்லை அதன் பின்னரே தொடங்கும். முற்காலத்து நூல்நிலையங்கள் பலவற்றில் நூலுக்கு இடப்பட்ட எண், 'மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு, ஏழாம் நூல்' என்று அது இருந்த இடத்தையே குறித்தது. அலமாரி பெயர்ந்ததும் அட்டவணை முழுவதும் பயனற்றுப் போயிற்று. மெல்வில் டூயி 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட தசாம்சப் பகுப்பு முறையும், நம் நாட்டில் எஸ். ஆர். அரங்கநாதன் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையும் நூலின் எண்ணை இடத்தினின்று பிரித்துப் பொருளோடு பிணைத்தன. அதன்பின் நூலை எந்தச் சுவரருகே வைத்தாலும் அட்டவணை பொய்க்கவில்லை.

இதே சிக்கல் இன்று அலுவலகங்களின் இணையத்தளங்களில் மீண்டும் தலைகாட்டுகிறது. தொடக்க காலத்தில் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக இருந்தது. அலுவலகத்தின் தொலைபேசி எண் மாறினால் நூறு பக்கங்களைத் திறந்து நூறு முறை திருத்த வேண்டும். இதற்கு மாற்றாக வந்ததே உள்ளடக்க நிர்வாக முறை. 2001-இல் வெளியான துருபல், 2003-இல் வெளியான வேர்ட்பிரஸ் முதலியவை இவ்வகையின. இவற்றில் தலைப்பு, தேதி, துறை, கட்டுரை ஆகியவை தரவுத்தளத்தில் தனித்தனி அறைகளில் சேமிக்கப்படுகின்றன. பக்கத்தின் தோற்றம் வேறாக, ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. தேசிய தகவலியல் மையம் அமைத்துள்ள எஸ்3வாஸ் என்னும் ஏற்பாட்டுக்கு நாட்டின் பல மாவட்டங்களுடைய தளங்கள் இவ்வாறே பெயர்ந்துள்ளன. புதிய முறை சிறந்தது என்பதில் ஐயமில்லை. பழையவற்றை அதனுள் கொண்டு சேர்க்கும் வழியில்தான் இழப்பு நேர்கிறது.

முதலாவது, முகவரி. பழைய பக்கத்தின் முகவரி பெரும்பாலும் மென்பொருளையும் கோப்பு இருந்த உறையையும் சுட்டுவது. அதாவது, மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு. உலகளாவிய வலையை வகுத்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாதிருக்க வேண்டும் என்றும், மென்பொருளின் அடையாளங்கள் அதில் இடம்பெறலாகாது என்றும் 1998-ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். மாற்றியே தீர வேண்டுமாயின் அதற்கும் வழி உண்டு. வீடு மாறிய ஒருவர் புதிய விலாசத்தைத் தபால் நிலையத்தில் தெரிவித்தால் கடிதங்கள் அங்கே திருப்பிவிடப்படுகின்றன அல்லவா? அவ்வாறே, பழைய முகவரியைக் கேட்பவருக்கு '301' என்னும் விடையெண்ணுடன் நிலையான புதிய முகவரியைச் சர்வர் அறிவிக்கலாம். பக்கம் வேண்டுமென்றே நீக்கப்பட்டிருந்தால் '410' என்பது விடை. இவ்விரண்டும் செய்யப்படாதபோதுதான் நாம் அனைவரும் அறிந்த '404' எதிர்ப்படுகிறது. சில அலுவலகங்கள் எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிட்டு, பணி முடிந்ததாகக் கருதுகின்றன. நெல் நோய் பற்றிய குறிப்பைத் தேடி வந்தவரைத் தலைவாயிலில் நிறுத்தி, உள்ளே எங்கேனும் இருக்கும் என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். அச்சிட்ட கைப்பிரதிகளிலும், 2017-இல் தொடங்கப்பட்ட திக்ஷா தளத்தோடு இணைந்த பாடநூல்களிலும் உள்ள சதுரக் குறியீடுகள் காகிதத்தில் பதிந்தவை. அவற்றைப் பின்னர் எவராலும் திருத்தவியலாது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

முகவரி தவறினால் நேரம் வீணாகும். தேதி தவறினால் தீங்கே விளையும். பழைய பக்கங்கள் பலவற்றில் வெளியிட்ட தேதி தனியாகக் குறிக்கப்பட்டிராது. புதிய முறையிலோ தேதிக்கென ஓர் அறை உண்டு. அது வெறுமையாக இருந்தால், பக்கம் மாற்றப்பட்ட நாளையே மென்பொருள் அதில் நிரப்பிவிடக்கூடும். பருத்திப் புழுவுக்கு எண்டோசல்ஃபான் தெளிக்குமாறு கூறும் 2006-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இவ்வாறு இவ்வாண்டுத் தேதியுடன் தோன்றுவதாக வைத்துக்கொள்வோம். 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்தின் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நாடெங்கும் தடுத்தது. போரேட், டிரையசோஃபாஸ் முதலியவையும் 2020 டிசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டவை. அரசு முத்திரையும் புதிய தேதியும் தாங்கிய பக்கத்தை ஐயுறும் விவசாயி எவர்? அதைக் காட்டி அறிவுரை கூறும் கிராம ஊழியரும் நன்னம்பிக்கையுடன்தான் கூறுவார். 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய அரசு இணையத்தள வழிகாட்டு நெறிகள், உள்ளடக்கத்தைக் காலந்தோறும் மறுபார்வை செய்வதற்கும் காலங்கடந்தவற்றைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கும் கொள்கை வகுக்குமாறு கேட்பது இதனாலேயே. மறுபார்வை, மூட்டை கட்டுமுன் நடைபெற வேண்டும். பிறகு பார்த்துக்கொள்வோம் என்பது நடைமுறையில் பார்க்காமலே விடுவதாகும்.

நம் மொழிக்கே உரிய இடர்ப்பாடும் ஒன்று உண்டு. யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னர், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களையும் பிற குறிகளுக்குரிய எண்களையும் இரவல் வாங்கியே தமிழ் எழுத்துருக்கள் பல அமைந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அப்பக்கம் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். ஆகவே மாற்றுநிரல் கொண்டு யூனிகோடாக்குகின்றனர். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பு, எழுதும் வரிசைப்படி மெய்க்கு முன்னே பதியப்பட்டது. யூனிகோடில் ஒலிக்கும் வரிசைப்படி மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். இதை மாற்றுநிரல்கள் பெரும்பாலும் செம்மையாகவே செய்கின்றன. இடறுவது ஔகாரத்தில். அதன் வலப்பகுதி 'ள' போன்றே இருத்தலின், நிரல் அதனை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகக் கொண்டுவிடுகிறது. 'பௌதிகம்' என்பது 'பெளதிகம்' ஆகிறது. 'வௌவால்' என்பது 'வெளவால்' ஆகிறது. கண்ணுக்கு வேறுபாடு தோன்றுவதே அரிது. ஆயினும் கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். வௌவாலைத் தேடும் மாணவனுக்குப் பாடம் அகப்படாது. திரைவாசிப்பான் கொண்டு கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவனோ 'பெ-ள-திகம்' என்றே கேட்பான்.

எண்களின் நிலையும் இத்தகையதே. உயிர் உரத்தின் ஒரு கிராமில் 10⁸ பாக்டீரியாக்கள் என்று எழுதியிருந்தது, வடிவம் களைந்து படியெடுக்கையில் 108 என்றாகிவிடலாம். பத்துக் கோடி நூற்றெட்டாகச் சுருங்கும்! அட்டவணையின் பத்திகள் கலந்தால், லிட்டருக்குரிய அளவு ஏக்கருக்குரிய அளவோடு சேர்ந்துவிடும்.

இத்தனை பக்கங்கள் புறப்பட்டன, இத்தனை வந்து சேர்ந்தன என்று கணக்கிட இயந்திரம் போதும். பத்துக் கோடி நூற்றெட்டானதை அறியப் பொருள் தெரிந்தவர் வேண்டும். எனவே, பழைய தளம் மூடப்படுவதற்கு முன், அதை நாள்தோறும் பயன்படுத்தும் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் தாம் மிகுதியும் நாடும் பத்துப் பக்கங்களையேனும் இரு தளங்களிலும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அலுவலகங்கள் அளித்தல் வேண்டும். வந்து சேராத பக்கங்களையும் அழித்துவிடலாகாது. 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம் கணிப்பொறியில் உருவானவற்றையும் ஆவணம் என்றே கொள்கிறது. மத்திய அரசு அலுவலகங்கள் உரிய விதிமுறையின்றி அவற்றை அழிக்க இடமில்லை. பழைய தளத்தின் முழுப் படி ஒன்றும், பழைய முகவரிக்கு எதிரே புதிய முகவரியைக் குறித்த அட்டவணையும் அலுவலகத்திலேயே இருத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரர் பணி முடிந்து செல்லுகையில் இவ்வட்டவணையையும் தம்முடன் எடுத்துச் சென்றுவிடுவது அரிதன்று.