தொல்லையை அளக்கும் சொற்கள்: விமான நிலைய விரிவாக்கமும் அண்டை மக்களும்

விமான நிலையத்தை விரிவாக்கும் திட்டத்தால் நிலம் இழப்போர் யாவர் என்பதை அறிய நில அளவைப் படமே போதும். நிலம் இழக்காமல், விரிந்த நிலையத்தின் அருகிலேயே தொடர்ந்து வாழப்போகின்றவர் யாவர் என்பதே கடினமான வினா. எத்தனை தொலைவு வரை ‘அண்டை’? இதனை முடிவு செய்வது வரைபடத்தில் இடப்படும் ஓர் ஒலியளவுக் கோடு. அக்கோட்டிற்கு உட்பட்ட வீட்டிற்கு உதவித்தொகையும் இரட்டைக் கண்ணாடிச் சாளரமும் கிடைக்கக்கூடும். வெளியே நிற்கும் அடுத்த வீட்டிற்குக் கிடைக்காமற் போகலாம். அக்கோடு எவ்வாறு பிறந்தது என்று தேடிச் சென்றால், மக்களிடம் கேட்கப்பட்ட ஒரு வினாவும் அவர்கள் விடையாகச் சொன்ன சில சொற்களுமே அதன் அடியில் இருக்கக் காண்கின்றோம். மொழியியல் பயின்ற ஒருவன் இப்பொருளைப் பேசத் துணிவதற்கு அதுவே காரணம்.

சிங்கப்பூர் தன் நிலையத்தைப் பாய லேபாரிலிருந்து கடலோரச் சாங்கிக்கு மாற்றி 1981இல் திறந்தது. இரைச்சலின் பெரும்பகுதி அதனால் கடல்மேல் கழிகின்றது. இலண்டன் மாநகரின் ஹீத்ரோ நிலையத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. வீடுகள் நெருங்கிய நகரின் மேலாகவே விமானங்கள் இறங்குகின்றன. அண்டை மக்களிடம் வினாத்தாளோடு சென்று கேட்கும் ஆய்வுகளும் அங்கு 1961 முதல் நடந்து வந்துள்ளன. ஆதலின் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன்.

முதலில் நிலம் இழப்போரைச் சுருக்கமாகப் பார்ப்போம். மூன்றாம் ஓடுபாதைக்கு 2003இல் அரசு ஆதரவு தெரிவித்தது. 2010இல் வந்த அரசு அதனைக் கைவிட்டது. 2015இல் ஆணையம் ஒன்று மீண்டும் பரிந்துரைத்தது. 2018இல் நாடாளுமன்றம் ஏற்றது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கொள்கை சட்டத்திற்குப் புறம்பானது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2025இல் அரசு மறுபடியும் ஆதரவுக் குரல் எழுப்பியது. இத்தனை காலமும் ஹார்மன்ஸ்வொர்த், லாங்ஃபோர்டு, சிப்சன் ஆகிய சிற்றூர்களின் மக்கள் வீட்டைப் புதுப்பிப்பதா விற்பதா என்று தெரியாமல் வாழ்ந்து வந்துள்ளனர். வரக்கூடும் என்ற செய்தியாலேயே ஊர் வாடிப்போகும் இந்நிலைக்கு ஆங்கிலத் திட்டமிடல் துறை, பயிரைக் கருக்கும் நோயின் பெயரான ‘பிளைட்’ என்பதைக் கடன் வாங்கியுள்ளது. தமிழ் எழுத்தில் எழுதினால் வானூர்திப் பயணத்தைக் குறிக்கும் சொல்லோடு அது ஒன்றிவிடுகின்றது. ‘திட்டக் கருகல்’ என நாம் வழங்கலாம்.

இனி, கோட்டிற்கு வருவோம். 1961 ஆய்வின் அடிப்படையில் அமைந்த பழைய குறியீடு, ஒவ்வொரு விமானமும் எழுப்பும் உச்ச ஒலியையும் நாளொன்றுக்கு எத்தனை விமானங்கள் கேட்கின்றன என்பதையும் தனித்தனியே எடுத்துக் கூட்டியது. எண்ணிக்கை இரட்டித்தால் குறியீடு நான்கரை அலகு ஏறும். 1990இல் அதற்கு மாற்றாகப் பகல் 16 மணி நேரத்தின் சராசரி ஒலியாற்றல் அளவு கொண்டுவரப்பட்டது. இதில் எண்ணிக்கை இரட்டித்தால் மூன்று டெசிபெல் மட்டுமே ஏறும். ஒவ்வொரு விமானமும் மூன்று டெசிபெல் மெலிந்தால், இருமடங்கு விமானங்கள் பறந்தாலும் கோடு நகராது. மூன்று டெசிபெல் வேறுபாட்டைச் செவி அரிதாகவே உணரும். பேச்சை நிறுத்திக் காத்திருக்கும் தடவைகள் இருமடங்காவதையோ எவரும் உணர்வர். ஆண்டுக்கு 480,000 என்ற இன்றைய வரம்பிலிருந்து ஏறத்தாழ 740,000 விமான இயக்கங்களுக்குச் செல்வதே 2015 பரிந்துரையின் கணக்கு. ‘சராசரி’ என்னும் சொல் எதனை மறைக்கின்றது என்பது இங்கே புலனாகும்.

அச்சராசரியில் 57 டெசிபெல் என்பதே தொல்லை தொடங்கும் எல்லையாக நெடுங்காலம் கொள்ளப்பட்டது. அதற்கு அடிப்படை 1982இல் மக்களிடம் திரட்டிய விடைகள். 2014இல் மீண்டும் கேட்டபோது, முன்னர் 57இல் எத்தனை விழுக்காட்டினர் கடுந்தொல்லை என்றனரோ அத்தனை விழுக்காட்டினர் 54இலேயே அவ்வாறு கூறினர். 2017இல் அரசு, தீய விளைவு தென்படத் தொடங்கும் பகல்நேர அளவை 51 என வகுத்தது. ஊரும் ஓடுபாதைகளும் இருந்த இடத்திலேயே இருக்க, அண்டையரின் தொகை மட்டும் இவ்வாறு பெருகியது.

ஆசிரியர்கள் கருத வேண்டிய பகுதி இது. ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டம், மாட்ரிட் நிலையங்களை அடுத்த பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுடைய 2,800க்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, விமான இரைச்சல் கூடக் கூட வாசித்துப் பொருள் கொள்ளும் திறன் குறைவதைக் காட்டியது. ஐந்து டெசிபெல் கூடினால் பிரிட்டன் மாணவரின் வாசிப்பு வயது இரண்டு மாதம் வரை பின்தங்கியது. மியூனிக் நகரில் 1992இல் பழைய நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டது. பழைய நிலையத்தருகே வாசிப்பிலும் நினைவாற்றலிலும் பின்தங்கியிருந்த பிள்ளைகள் மீண்டனர். புதியதன் அருகே இருந்தோர் பின்தங்கத் தொடங்கினர். ஹீத்ரோவை ஒட்டிய ஹவுன்ஸ்லோவில் ஒரு மழலையர் பள்ளி, வெளியில் விளையாடும் பிள்ளைகள் ஆசிரியரின் குரலைக் கேட்பதற்கென்றே மண் நிரப்பிய பைகளை அடுக்கிக் குவிமாடங்கள் எழுப்பியது. வினாத்தாள் பெரியோரை மட்டும் கேட்கின்றது. குழந்தையின் ‘தொல்லை’ அதில் ஏறுவதில்லை.

அவ்வினாத்தாளின் மொழியை இனிக் காண்போம். 2001இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று பொதுவான வினாவொன்றை வகுத்தது. 2003இல் அது பன்னாட்டுத் தர ஆவணத்தில் இடம்பெற்றது. கடந்த ஓராண்டில் வீட்டில் இருக்கும்போது இரைச்சல் உங்களை எவ்வளவு பாதிக்கின்றது என்பதே அதன் சாரம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் போதாதென்று ஏறத்தாழ ஒருபொருட் சொற்கள் மூன்றை அடுக்கியுள்ளனர். நாம் எதனை இடுவது? ‘இடையூறு’ செயலைத் தடுப்பது. ‘எரிச்சல்’ உள்ளத்தில் எழுவது. ‘தொல்லை’ இரண்டையும் தழுவி, செய்பவன் ஒருவன் இருக்கின்றான் என்ற குறிப்பையும் தருவது. ‘இரைச்சலால் உங்களுக்கு எரிச்சலா?’ என்று கேட்டால் மூத்தோர் பலர் ‘இல்லை’ என்பர். எரிச்சல்படுவது குணக்கேடு என்பது நம் வழக்கு.

விடைகளுக்கு ஐந்து படிகள். அவற்றுக்குரிய சொற்களைத் தேர்ந்த முறை பாராட்டத்தக்கது. ஆங்கிலம், ஜப்பானியம், துருக்கியம் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில், அம்மொழி பேசுவோரிடம் ஏறத்தாழ இருபது அளவுச் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வலிமையானது என்று குறிக்கச் செய்தனர். ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் அமைந்த சொற்களே படிகளாயின. அவ்வொன்பதில் தமிழ் இல்லை. ‘சற்று’, ‘ஓரளவு’ ஆகியவற்றின் இடைவெளி ‘ஓரளவு’, ‘மிகவும்’ ஆகியவற்றின் இடைவெளிக்குச் சமமா? பெரும்பாலும் மேலிரு படிகளைத் தேர்ந்தோரே கடுந்தொல்லைக்கு உள்ளானோராகக் கணக்கில் வருவதால், ஒரு சொல் மென்மையாகவோ வன்மையாகவோ அமைந்தால் எண்ணிக்கையே மாறும். அதற்கும் மேலாக, தமிழர் வாயில் முதலில் வரும் விடை ‘பரவாயில்லை’. அதற்கு ‘இடர் இல்லை’ என்றும் பொருளுண்டு. ‘இடர் உண்டு, பொறுத்துக்கொள்கிறேன்’ என்றும் பொருளுண்டு. ஐந்து படிகளில் எதிலும் அது நிற்காது.

இதனை வகுப்பறையிலேயே ஆராயலாம். பத்துச் செண்டிமீட்டர் கோடு ஒன்று. ஒரு முனையில் ‘தொல்லையே இல்லை’, மறுமுனையில் ‘இதற்குமேல் தாங்க இயலாது’. ‘கொஞ்சம்’, ‘சற்று’, ‘ஓரளவு’, ‘மிகவும்’, ‘கடுமையாக’, ‘பரவாயில்லை’ என இருபது சொற்களைத் தந்து, ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரிடம் கோட்டில் புள்ளியிடச் சொல்லட்டும். ‘பரவாயில்லை’க்கு மட்டும் புள்ளிகள் ஓரிடத்தில் குவியா என்பது என் எதிர்பார்ப்பு. வினவுவோர் குரலில் உரப்பும் கனிவும் வேறுபட்டால் புள்ளியும் நகரக்கூடும். ஆதலின் சொல்லை எழுதிக் காட்டிக் கேட்பது நல்லது.